மலைக்காரில் ஷாக்கும் மவுண்டும்: வீட்டிலேயே மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கொண்டை ஊசி வளைவைத் திருப்பி முடித்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். பாதியிலேயே நின்று, கையால் இழுத்துவிட வேண்டியிருந்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தும் அதே நிலை என்றால், முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தலையில், அதை பாடியோடு பிணைக்கும் ரப்பர் தாங்கியான மவுண்டில் இருக்கும் பேரிங்கின் மேல் சந்தேகம் வைக்கலாம். சமவெளியில் ஓடும் வண்டியில் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். இங்கே நீலகிரியில் அப்படி இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறினால் 14 கொண்டை ஊசி, ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே உள்ள கல்லட்டிப் பாதையில் 36. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடிப்பது அன்றாட வேலை. ஒவ்வொரு ஒடிப்பிலும் அந்தச் சின்ன பேரிங் சுற்றுகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து அதன் ரப்பரை நசுக்குகிறது.

அதனால்தான் நீலகிரியில் ஓடும் வண்டிக்கு ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்கிறோம். புது ஷாக் போட்ட பிறகும் சத்தம் போகவில்லை என்றால், மவுண்டுக்காக அதே ஸ்ட்ரட்டை மறுபடி கழற்றி, அதே ஸ்பிரிங்கை மறுபடி அமுக்கி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்டுக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டும். மவுண்டின் விலையோ ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இங்கே சொல்வது மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற பழைய சின்ன கார்களுக்கு: முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் அச்சும் தனித்தனி ஷாக்கும், முன்சக்கர இழுவை. பின்சக்கர இழுவை உள்ள ஆம்னிக்குச் சில இடங்களில் கணக்கு மாறும்.

சத்தத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'டொய்ங்' என்று கம்பி தெறிப்பது போல் கேட்டால், பேரிங் இறுகி, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பிறகு விடுபடுகிறது. மெதுவாகப் போகும்போது சின்னக் கல்லுக்குக்கூட 'டொக் டொக்' என்றால் மவுண்ட் ரப்பர், ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) ரப்பர் புஷ், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) பால் ஜாயிண்ட் மூன்றில் ஒன்று. பெரிய பள்ளத்தில் மட்டும் 'டம்' என்று இடித்தால் ஷாக் அடியில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் பொடியாகி, ஷாக் அடிவரை போய் முட்டுகிறது. கிளட்ச் விடும்போதும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திடீரென விடும்போதும் மட்டும் இடி கேட்டால் அது இன்ஜின் மவுண்டிங். இந்த வேலையால் அது போகாது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ரப்பர் இறுகி எல்லாச் சத்தமும் ஒரு படி கூடித்தான் கேட்கும். வண்டி சூடேறி நாலைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு கேட்பதையே கணக்கில் எடுங்கள்.

பேரிங்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பட்டும். மற்றவர் ஸ்பிரிங்கின் மேல் சுருள் மீது விரல் நுனியை வைத்துப் பார்க்கலாம். சுருள்களுக்கு நடுவே விரலை விடக் கூடாது. ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங் நலம். நின்று நின்று துள்ளினால் போய்விட்டது. அடுத்து பானட்டைத் திறந்து, மவுண்டின் மேல் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஒருவர் வண்டியின் முன் மூலையை அமுக்கி அமுக்கி விட, நடு நட்டைக் கவனியுங்கள். பாடி ஒரு பக்கமும் நட் ஒரு பக்கமும் தனித்தனியாக ஆடினால் ரப்பர் பிரிந்துவிட்டது.

மூலையை அமுக்கி விட்டால் வண்டி ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும் என்பது பழைய சோதனை. முழுதாகச் செத்த ஷாக்கைத்தான் இது காட்டிக் கொடுக்கும். பாதி வலுவிழந்தது இதில் தேறிவிடும். டயரைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் மேடும் குழியுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் சக்கரத்தைத் தரையில் பிடித்து வைக்கவில்லை. ஷாக்கின் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் தூசியும் ஒட்டியிருப்பது சாதாரணம். எண்ணெய் வழிந்து கீழ் முனைவரை ஈரமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சாமான் வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று ஓட்டினால் வளைவில் வண்டி இடத்துக்கு ஒரு மாதிரி, வலத்துக்கு ஒரு மாதிரி சாயும். முன்பக்கத்துக்கு ஸ்ட்ரட் 2, டாப் மவுண்ட் 2, பேரிங் 2 (சில வண்டியில் மவுண்டோடு சேர்ந்தே வரும்), பம்ப் ஸ்டாப் 2, டஸ்ட் கவர் 2, ஸ்பிரிங் மேல் ரப்பர் சீட் 2, நடுத்தண்டுக்குப் புது லாக் நட் 2. பின்பக்கத்துக்கு ஷாக் 2, மேல் புஷ்ஷும் கிண்ண வாஷரும் இரண்டு செட். முன் ஸ்ட்ரட்டில் இடது, வலது வேறு வேறு. பிரேக் ஹோஸின் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) தாங்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். ஒரே பக்கத்து ஸ்ட்ரட் இரண்டைக் கட்டிக் கொடுத்துவிடுவது கடைகளில் நடக்கிற தவறுதான். கோவைக்கு இறங்கி வாங்குபவர்கள் கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டியின் ஆண்டையும் சேசிஸ் எண்ணையும் கையில் வைத்திருங்கள். ரப்பர் சாமானை நகத்தால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது அலமாரியிலேயே கிழடானது.

பல ஜப்பான், கொரியா வண்டிகளில் 12, 14, 17 அளவு ஸ்பேனரும் சாக்கெட்டும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். வீல் நட்டுக்கு மாருதியில் 19, ஹூண்டாயில் 21. இதோடு இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், ஆலன் கீ செட், கட்டுக்கம்பி, ஒரு ரப்பர் சுத்தி. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சருக்கு மட்டும். அதை நம்பிக் கீழே கை விடக் கூடாது. குறைந்தது இரண்டு ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

மலையில் கிடைக்காத கருவி ஒன்று உண்டென்றால் அது சமதளம். வீட்டு வாசலே சரிவாக இருக்கும் ஊர் இது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும். லேசாகச் சரிந்தாலும் வேறு இடம் தேடுங்கள். தேயிலைத் தோட்டத்து ஈர மண்ணில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். ஓரடிக்கு ஓரடி கனமான பலகை போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். மழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தள்ளிப் போடலாம்.

வண்டி உருளாமல் நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். கியர் முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். ஆகவே முன்பக்கத்தைத் தூக்கினால் கியர் பிடிப்பு போய்விடும். ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் வைத்த கல்லும்தான் துணை. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பயனும் இல்லை. முதல் கியரில் போட்டு முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். உருண்டைக் கல் வேண்டாம். தட்டையான, கூர்விளிம்புள்ள கல் அல்லது ஆப்புக்கட்டை.

முந்தின நாள் மாலையே ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் தாங்கி) சேர்க்கும் இரண்டு போல்ட், பின் ஷாக்கின் கீழ் போல்ட், மேலே மவுண்டின் நட் எல்லாவற்றையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மூடுபனியில் நிற்கும் வண்டியில் துரு திருகு மரைக்குள் போயிருக்கும். இரவு முழுக்க ஊறினால்தான் காலையில் ஸ்பேனருக்கு அசையும். பிரேக் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடியுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கி, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, போல்டின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, மவுண்டில் குறி இருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது. ஸ்ட்ரட் தாங்கி நக்கிளைப் பிடிக்கும் இடத்தைச் சுற்றி ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். போல்ட் துளையில் கொஞ்சம் விளையாட்டு இருப்பதால் அந்த ஒரு மில்லிமீட்டரில்கூடக் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மாறும். அலைன்மெண்டுக்குப் போகும்வரை வண்டியை நேராக ஓட வைக்க இந்தக் கோடு உதவும்.

ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை உருவி, ஹோஸை விடுவியுங்கள். இரண்டு போல்டின் நட்டையும் கழற்றுங்கள். போல்ட் வெளியே வர மறுத்தால், நட்டை மரை முனையோடு சமமாகத் திருகி வைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். நேராகச் சுத்தியால் அடித்தால் மரை சப்பிவிடும். இரண்டாவது போல்ட் வரும் முன்பே நக்கிளைக் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் நக்கிள் வெளியே சாய்ந்து இரண்டு சேதம் செய்யும்: பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்று வரக்கூடும். ஜாயிண்ட் கழன்றால் அதன் ரப்பர் உறையைத் திறந்து, கிரீஸைத் துடைத்து, மறுபடி கோக்கும் புது வேலை ஒன்று சேர்ந்துவிடும்.

இப்போது மேலே. பானட்டுக்கு அடியில் ஸ்ட்ரட்டின் தலை பாடியில் சேரும் இடம்தான் டவர். அதில் சுற்றிலும் இரண்டோ மூன்றோ சின்ன நட் இருக்கும். நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். சுற்றி உள்ளதை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடவே கூடாது. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். அது கழன்றால் மவுண்டும் ஸ்பிரிங்கும் தோட்டா போலப் பாயும். முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. கடைசிச் சின்ன நட்டை எடுக்கும்போது ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கி இறக்குங்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையைப் பற்றி எங்கள் கருத்து இது: கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதுச் சாமானையும் சாக்கில் போட்டு, நிலையான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் (ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கால் மணி நேர வேலை. கொக்கி வகைக் கம்ப்ரெஸரை வாடகைக்கு எடுத்து வீட்டில்தான் செய்வேன் என்பவர்கள், கொக்கிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும்படி மாட்டி, ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் துப்பாக்கி கூடாது. கொக்கி வழுக்குவது போல் தெரிந்தால் தளர்த்திவிட்டு முதலிலிருந்து. ஸ்பிரிங்கின் நேரே முகமோ நெஞ்சோ இருக்கக் கூடாது. ஸ்பிரிங் இரு முனையிலும் சீட்டை விட்டு விலகி, கையால் லேசாகச் சுற்ற முடிகிறது என்று ஆன பிறகே நடு நட்டுக்கு ஸ்பேனர் வைக்க வேண்டும்.

நட்டைச் சுற்றும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் உள்ள ஆலன் துளையிலோ தட்டை வெட்டிலோ பிடித்துக்கொள்ளுங்கள். பளபளப்பான தண்டைப் பிளையரால் கவ்வுவது பெருந்தவறு. அதில் விழும் ஒரு கீறல் ஒவ்வொரு அசைவிலும் ஆயில் சீலை அறுக்கும்; புது ஷாக் சில மாதத்தில் கசியும்.

கழற்றும் வரிசையிலேயே செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி வையுங்கள்: நட், வாஷர், மவுண்ட், பேரிங், மேல் சீட், ரப்பர், ஸ்பிரிங், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப். பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். மணலை அரைப்பது போல் கரகரத்து, துருநிறத் தண்ணீர் ஒழுகினால் ஸ்டியரிங் ஏன் திரும்பி வரவில்லை என்பது விளங்கிவிடும். மேல் மூடி கிழிந்து டவர் வழியாக மழைநீர் இறங்கியிருக்கும். அந்த மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். பம்ப் ஸ்டாப் தொட்டாலே பிஸ்கட் போல உதிரும்.

புது ஷாக்கை நேராக நிறுத்தி, தண்டை முழுதாக அமுக்கி முழுதாக இழுப்பதை ஐந்து முறை செய்யுங்கள். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள்ளே எண்ணெயோடு கலந்த காற்று இதில்தான் பிரிந்து விலகும். செய்யாவிட்டால் முதல் சில நாள் 'சளக் சளக்' என்று வெற்றிடம் அடிக்கும். வாயு அடைத்த கேஸ் ஷாக் தானாக நீளும். அதற்கும் இதே முறைதான். பழைய கேஸ் ஷாக்கை வெல்டிங்கிலோ அறுப்பிலோ காட்டக் கூடாது.

கோக்கும்போது ஸ்பிரிங்கின் கீழ் முனை சீட்டில் உள்ள படியில் போய் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் பாரம் ஏறும்போது ஸ்பிரிங் 'டங்' என்று சுழன்று உட்காரும். கேட்பவருக்கு ஸ்ட்ரட்டே உடைந்தது போல் இருக்கும். பேரிங்கின் மேல் கீழ் மாறக் கூடாது. திறந்த வகைப் பேரிங் என்றால் லித்தியம் கிரீஸ் வையுங்கள். மூடிய வகைக்கு வேண்டாம். ரப்பரில் கிரீஸ் படக் கூடாது, உப்பிவிடும். நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். நடு நட்டை இறுக்கி முடித்த பிறகே கம்ப்ரெஸரை இளக்க வேண்டும்.

வண்டியில் மாட்டும்போது முதலில் மேல் நட்டுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். பிறகு நக்கிள் போல்டுகள், கீறிய கோட்டுக்கு நேராக வைத்து. ஹோஸ் முறுக்காமல் பழைய வழியிலேயே போகிறதா என்று படத்தைப் பார்த்து, கிளிப்பைப் போட்டு, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பாருங்கள். இறுக்கும் அளவுக்கு வண்டியின் சர்வீஸ் மேனுவலே சட்டம். மேல் மவுண்ட் நட்டுகள் சின்னவை, குறைந்த அளவுதான் தாங்கும்; நீள ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு இறுக்கினால் ஸ்டட் முறியும். நக்கிள் போல்டுகளுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். அங்கே தளர்ச்சி இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கேம்பரே நகரும்.

பின்பக்கம் எளிது, ஸ்பிரிங்கை அமுக்கும் வேலை இல்லை. ஆனால் அச்சு எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைப் பிடித்து வைத்திருப்பது ஷாக்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு இறங்கி, ஸ்பிரிங் நழுவி, பிரேக் ஹோஸ் விண்ணென்று இழுபடும். அச்சுக்கு அடியில் ஜாக்கியைத் தாங்கலாக வைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். பல சின்ன கார்களில் மேல் நட் டிக்கிக்குள், ஓரத்து மூடிக்கு அடியில் இருக்கும். தண்டு வகை மேல்பகுதியில் கிண்ண வாஷர், ரப்பர், பாடி, ரப்பர், கிண்ண வாஷர் என்பது வரிசை. ரப்பர் வாஷரின் விளிம்பு அளவுக்குப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் ரப்பர் ஒரு குளிர்காலத்திலேயே பிளக்கும்.

பின் ஷாக்கின் கீழ் போல்டையும், லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார் போன்ற எந்த ரப்பர் புஷ்ஷைத் தொட்டிருந்தாலும் அதன் போல்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசியாக இறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்திலேயே பிடிபட்டு, வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் முறுகியபடி கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, நாலு அடி முன்னும் பின்னும் உருட்டி, ஒவ்வொரு மூலையையும் அமுக்கி விட்டுப் பிறகு இறுக்குங்கள். ஸ்பேனர் நுழைய இடம் இல்லை என்றால், பால் ஜாயிண்ட் அருகே லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, பாடி ஸ்டாண்டை விட்டு இம்மியளவு எழும்பும்வரை தூக்கினால் அதே நிலை கிடைக்கும்.

புதிதாகச் செய்பவருக்கு முன்பக்கம் மட்டும் ஒரு முழுப் பகல் ஆகும். இருட்டும் நேரத்தில் பாதி வேலையோடு வண்டி ஸ்டாண்டில் நிற்பது இந்தக் குளிரில் நல்லதல்ல. முன்பக்கம் ஒரு நாள், பின்பக்கம் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் இரண்டு மூன்று முறை நன்றாகப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, புதுச் சத்தம் வருகிறதா? சத்தம் வந்தால் முதலில் நடு நட்டையும், பிறகு ஸ்பிரிங் முனையையும் பாருங்கள். புது ஷாக்கைக் குறை சொல்வது அதற்குப் பிறகு. வண்டி முன்னைவிட ஒரு விரல் உயரமாகத் தெரியலாம். சில நாளில் உட்காரும்.

இதெல்லாம் சரியான பிறகு வீல் அலைன்மெண்ட். உள்ளூரில் வசதி இல்லை என்று மேட்டுப்பாளையம் இறங்குவதானால், பாரம் ஏற்றாமல், இரண்டாம் கியரிலேயே, பகலில் இறங்குங்கள். திரும்பி வந்து வண்டி ஆறியதும் மேல் மவுண்ட் நட், நக்கிள் போல்ட், பின் ஷாக் போல்ட், வீல் நட் நான்கையும் மறுபடி டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபாருங்கள். புதுச் சாமான் உட்கார்ந்ததில் சில நட்டுகளில் கொஞ்சம் இளக்கம் இருக்கலாம்.